எறிந்தவர் சான்று

கழிவுப் பொருள்களிலிருந்து கலை படைப்பவர்களை ஊக்குவிப்பதற்காக வேலூரில் ஒரு வாரியம் தொடங்கப்பட்டபோது, முதல் வேலையாக அலுவலகத்துக்குப் புது மேசை, புது நாற்காலி, புது பீரோ எல்லாம் வாங்கினார்கள். அவற்றுக்கு இடம் வேண்டுமே என்று, அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே நன்றாக இருந்த மேசை நாற்காலிகளைப் பின்பக்கம் மழையில் போட்டார்கள். ஆக, வாரியம் தொடங்கிய அன்றே மாவட்டத்தில் கழிவுப் பொருள்களின் இருப்பு கணிசமாக உயர்ந்தது. தன் நோக்கத்தை இவ்வளவு சீக்கிரம் நிறைவேற்றத் தொடங்கிய வேறு ஓர் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை.

மண்டல இயக்குநர் சூரியபிரகாஷ் கலையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். இதற்கு முன் மீன்வளத் துறையில் இருந்தார். அப்போது மீனில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவராக இருந்தார்.

வாரியத்தின் முதல் கண்காட்சிக்கு 'குப்பையில் பூத்த கலை' என்று பெயர் வைத்து நாளிதழில் அறிவிப்பு கொடுத்தார்கள். ஆம்பூரில் கிறிஸ்டினாவுக்கு அந்த அறிவிப்பு, அவள் கணவன் சம்பத் வாங்கிவந்த மிளகாய் பஜ்ஜியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. எண்ணெய் ஊறிய இடத்தில் விதிமுறைகள் இருந்ததால் அவற்றை அவளால் படிக்க முடியவில்லை. படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கிறிஸ்டினா ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள். முதுகுவலி வந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறாள். மிச்ச நேரத்தில் படம் செய்கிறாள். வரைகிறாள் என்று சொல்ல முடியாது. வண்ணம் தீட்டுவது பாதிதான். மீதிப் பாதி, வெட்டி விழுந்த தோல் துண்டு, லைனிங் துணி, தேய்ந்த ரப்பர் சோல், கயிறு கோக்கிற பித்தளை வளையம். பலகைக்கு யாரோ கழற்றிப் போட்ட பழைய கதவு.

அவள் கண்காட்சிக்கு எடுத்துவைத்த படத்தில், விடியற்காலையில் கம்பெனி வேனுக்காகக் காத்திருக்கும் பெண்கள் நிற்கிறார்கள். சாலை முழுக்க ரப்பர் சோல். பெண்களின் புடவைகள் லைனிங் துணி. முகங்கள் மட்டும் தோல். ஒவ்வொரு முகமும் ஒரு நிறம். ஓரத்தில் சாப்பாட்டுப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முத்துமாரி.

முத்துமாரி, கிறிஸ்டினாவுக்குப் பக்கத்து மிஷினில் இருந்தவள். அந்த முகத்துக்கான தோல் துண்டை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். மாட்டை உண்ணி கடித்த தழும்பு இருந்ததால் ரிஜெக்ட் ஆகித் தரையில் கிடந்த துண்டு. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, "இந்தக் கலர் உனக்கு ஆவும்டி" என்று கொடுத்தாள். போன வருடம் வேன் அவளை நெடுஞ்சாலைத் திருப்பத்தில் இறக்கிவிட்டுப் போனபோது, பின்னால் வந்த லாரி அவளைக் கவனிக்கவில்லை. வீட்டில் மாலை போட்டு மாட்ட, கம்பெனி அடையாள அட்டையில் இருந்த படம்தான் கிடைத்தது. அதைப் பெரிதாக்கினால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தது. "இவ யாரோ. எம் பொண்ணு இப்படி முறைக்க மாட்டா" என்று அவளுடைய அம்மா ஜெயம்மாள் அந்தப் படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டாள்.

அதனால்தான் கிறிஸ்டினா அந்தத் தோல் துண்டில் முத்துமாரியைச் செய்தாள். உண்ணி கடித்த தழும்பு சரியாகக் கன்னக்குழியாக விழுந்தது. ஜெயம்மாள் வந்து பார்த்தாள், கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு, "இத நாலு பேர் பாக்கணும்டி" என்றாள். "ஊரே பாக்குற மாதிரி மாட்டுறேம்மா" என்று கிறிஸ்டினா சொன்னாள். அது வாக்கு. அவள் வேலூருக்குப் போனது அதற்காகத்தான்; பரிசுக்காக அல்ல.

சம்பத்தின் குட்டி யானை சரக்கு வண்டியில் கதவைப் படுக்கவைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். வாரியத்தின் கண்காணிப்பாளர் சுந்தரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"எதுலம்மா பண்ணது இது?"

"தோல் துண்டு சார். கட்டிங் பண்ணா மிச்சம் விழுமில்ல, அது. அப்புறம் பழைய சோலு."

"கழிவுன்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"யாரு கழிச்சா?"

கிறிஸ்டினாவுக்குக் கேள்வி புரியவில்லை. சம்பத்தைப் பார்த்தாள். அவன் வண்டியைப் பார்த்தான்.

"விதி நாலு," என்றார் சுந்தரமூர்த்தி. "பொருளை யார் வீசி எறிஞ்சாரோ, அவர் எறிஞ்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். எறிந்தவர் சான்று. இல்லாட்டி இன்னா ஆவும்? நல்ல பொருளையெல்லாம் எடுத்தாந்து குப்பைன்னு சொல்லி அரசாங்கத்த ஏமாத்துவாங்க."

"நான்தான் குப்பையப் போட்டேன்னு எவனாவது எழுதிக் குடுப்பானா சார்?"

"குடுக்க மாட்டான். இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கொண்டு வரல," என்றார் சுந்தரமூர்த்தி. அவர் குரலில், தான் கட்டிய அணையில் ஒரு சொட்டும் கசியவில்லை என்கிற பொறியாளரின் பெருமை இருந்தது.

படத்தை அங்கேயே ஒப்படைத்துவிட்டுச் சான்றுக்கு அலையச் சொன்னார்கள். திருப்பி எடுத்துப் போக வேண்டுமென்றால் அதற்கும் அதே சான்று வேண்டுமாம். கழிவா இல்லையா என்று முடிவாகாத ஒரு பொருளை வெளியே விட வாரியத்துக்கு அதிகாரம் இல்லை.

கிறிஸ்டினா பழைய கம்பெனிக்குப் போனாள். மனிதவள அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். அவர் தலைக்கு மேலே 'கழிவில்லா வளாகம்' என்று சான்றிதழ் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"எங்ககிட்ட வேஸ்ட்டே கிடையாதும்மா. நீ இங்க வேலை செஞ்சவதானே, உனக்குத் தெரியாதா? வேஸ்ட் இருக்குதுன்னு நான் கையெழுத்துப் போட்டா, ஜெர்மனில இருந்து ஆடிட்டுக்கு வர்றவங்க இன்னா நெனப்பாங்க?"

"அப்ப, பின்னால லாரில ஏத்திக்கினு இருக்காங்களே சார், மூட்டை மூட்டையா..."

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "அது வேஸ்ட் இல்லம்மா. அது வெளிய போற மெட்டீரியல்."

வேஸ்ட்டே இல்லாத அந்தக் கம்பெனியின் கேட்டில், வேஸ்ட் எதுவும் வெளியே போய்விடக் கூடாது என்று கிறிஸ்டினாவின் பையைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

அந்த லாரி போகிற இடத்துக்கே போய்ப் பார்ப்போம் என்று கிறிஸ்டினாவும் சம்பத்தும் வாணியம்பாடிக்குப் போனார்கள். துண்டுத் தோல் வாங்கி விற்கும் அப்துல் ஹமீதின் குடோனில் மலை மலையாகக் குவிந்திருந்தது. அவர் டீ வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, இது என் சரக்கு. இத வித்துத்தான் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணேன். குப்பைன்னு என் கையால எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு வெல பேசுவேன்?"

"நியாயம்தான் பாய்."

"பேஜாராப் போச்சே," என்று அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஒண்ணு பண்ணு. நம்ம தோஸ்த் வக்கார் அகமது இப்ப அந்த ஆபீஸ்லதான் இருக்காரு. அவரப் போய்ப் பாரு. நல்ல மனுஷன்."

வக்கார் அகமது, பெரிய ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்றவர். எது கழிவு என்று வாரியத்தில் யாருக்கும் தெரியாததால், தொழில்நுட்ப வல்லுநர் என்று அவரைச் சேர்த்திருந்தார்கள். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார். ஏற்றுமதி ஷூவில் ஒரு பழக்கம் உண்டு. ரிஜெக்ட் என்று தள்ளிய ஷூவை அப்படியே குப்பையில் போட மாட்டார்கள். யாராவது எடுத்துப் போய்க் கம்பெனி பெயரில் விற்றுவிடுவார்கள் அல்லவா? அதனால் கத்தியால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போடுவார்கள். வாய் ரிஜெக்ட் என்று சொல்லும்போதே கை இழுத்திருக்கும். வக்கார் பாய் அந்தக் கையோடுதான் ஓய்வு பெற்றார்.

கிறிஸ்டினா வாரியத்துக்குப் போய்ச் சொன்னதும் அவர் படத்தின் முன் குனிந்து, முத்துமாரியின் கன்னத்தில் வந்து நின்றார். விரலை வைக்காமல் காற்றிலேயே தடவினார்.

"உண்ணிக் கடி," என்றார்.

"ஆமா பாய்."

"இத எத்தினி வாட்டி ரிஜெக்ட் பண்ணியிருப்பேன் பேட்டி. இது சிரிக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே." மகள் வயதுப் பெண்கள் எல்லாரும் அவருக்குப் பேட்டிதான்.

அவர் நேராக இயக்குநர் அறைக்குப் போய்ப் பரிந்து பேசினார். அதன் விளைவாக வாரியம் கூடியது. கூட்டத்தின் முடிவில் இயக்குநர் சூரியபிரகாஷே கிறிஸ்டினாவை அழைத்து விளக்கினார்.

"அம்மா, உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது. இந்த வாரியம் மக்களுக்காக இருக்குது. கம்பெனி எறியலைன்னு சொல்லுது, வியாபாரி எறியலைன்னு சொல்றார். அப்ப எறிய வேண்டிய பொறுப்பு யார் மேல வருது? உங்க மேல."

"நான் எதுக்கு சார் எறியணும்? நான் பண்ண படம் சார் அது."

"பண்ணது இருக்கட்டும். முறைப்படி எங்க முன்னால ஒரு தரம் எறிஞ்சிடுங்க. எறிஞ்சா அது கழிவு. கழிவுன்னா தகுதி. உடனே நீங்களே எடுத்துக்கலாம். எடுத்தா கலை. ரொம்ப சுலபம்."

அது கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. கிறிஸ்டினா தலையாட்டினாள்.

'எறிதல் நிகழ்வு'க்கு ஏற்பாடுகள் தொடங்கின. ஊரில் இருந்த குப்பைத் தொட்டி எதிலும் கதவு நுழையவில்லை. ஆகவே பெரிய தொட்டி ஒன்று புதிதாகச் செய்யப்பட்டது. புதுத் தொட்டி பளபளவென்று இருந்ததால், அதில் எறிவது குப்பையில் எறிவதாகுமா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அதைத் தீர்க்கத் தொட்டியில் கொஞ்சம் குப்பை போட்டு வைக்கலாம் என்றார்கள். மக்கும் குப்பையா, மக்காத குப்பையா என்று அடுத்த சந்தேகம் வந்தது. தோல் மக்கும், ரப்பர் மக்காது, பசை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் சுந்தரமூர்த்தியின் யோசனைப்படி, அந்தத் தொட்டிக்கு இயக்குநரே ஒரு மாலை போட்டு, 'இது குப்பைத் தொட்டி' என்று அறிவிப்பது என்று தீர்மானமாயிற்று.

ஒத்திகை நடந்தது. அதே எடையில் ஒரு பலகையை அலுவலக உதவியாளர் எறிந்து காட்டினார். ரொம்பக் கோபமாக எறிகிறார், கலைநயம் போதாது என்று இயக்குநர் திருத்தினார்.

நிகழ்வன்று ஷாமியானா போட்டிருந்தார்கள். கட்டடத்தின் பின்னால் ஊறிக் கிடந்த நாற்காலிகளைப் போடலாம் என்று யாரோ சொன்னதற்கு, விருந்தினர்களைக் குப்பையில் உட்கார வைப்பதா என்று கோபித்துக்கொண்டு வாடகைக்கு எடுத்துப் போட்டார்கள். ஜெயம்மாள் வெளுத்த நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு குட்டி யானையில் முன்னால் உட்கார்ந்து வந்திருந்தாள். மகளின் படத்தை மாட்டப்போகிறார்கள் என்றுதான் கிறிஸ்டினா அவளிடம் சொல்லியிருந்தாள். எறியப்போகிறோம் என்பதை எப்படிச் சொல்வது?

இயக்குநர் பேசினார்.

"எறிவது எளிது. எல்லாரும் எறிகிறார்கள். முறைப்படி எறிவதற்குத்தான் ஒரு வாரியம் தேவைப்படுகிறது. இந்த வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை நாங்கள் ஒரு கழிவையும் கலை என்று ஏற்றுக்கொண்டதில்லை. ஒரு கலையையும் கழிவு என்று ஏற்றுக்கொண்டதில்லை. இந்த நடுநிலைமைதான் எங்கள் சாதனை. பல கலைஞர்கள் எங்கள் வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்கள் இன்று வேறு தொழில்களில் நன்றாக இருக்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கைத்தட்டினார்கள். தொட்டிக்கு மாலை விழுந்தது.

சம்பத்தும் உதவியாளரும் படத்தைத் தூக்கிவந்து தொட்டியின் விளிம்பில் சாய்த்துப் பிடித்தார்கள். வெயிலில் முத்துமாரி பளிச்சென்று சிரித்தாள். ஜெயம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இப்ப நீங்க சொல்லணும்," என்று சுந்தரமூர்த்தி மைக்கைக் கிறிஸ்டினாவின் வாய்க்கு நேரே நீட்டினார். "'இது எனக்கு வேண்டாம்.' சத்தமா."

கிறிஸ்டினா வாயைத் திறந்தாள். மைக்கைக் கொஞ்சம் தள்ளிவிட்டாள். படத்தை எறிவதற்கு அவள் மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தாள். இப்படிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முத்துமாரி அவளுக்கு வேண்டும். இந்த உலகத்தில் எது வேண்டாமென்றாலும் அவள் வேண்டும்.

"சொல்லும்மா. கரண்ட்டு போயிட்டா மைக் வேலை செய்யாது."

"இது... எனக்கு வேண்டாம்," என்றாள் கிறிஸ்டினா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து வல்லுநர் படத்தைப் பரிசோதித்து, உரத்த குரலில் ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் இருந்தது. வக்கார் பாய் முன்னால் வந்தார். அவருக்கும் அந்த வார்த்தையைச் சொல்லப் பிடிக்கவில்லை. சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டால் அந்தப் பேட்டி தன் படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்தார்.

"ரிஜெக்ட்," என்றார்.

வாய் சொன்னது. கை இழுத்துவிட்டது.

கத்தி எப்போது பையிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. கன்னக்குழியில் தொடங்கி உதட்டோரம் வரை ஒரே இழுப்பு. காலமெல்லாம் இழுத்த கை, சுத்தமான வெட்டு. வக்கார் பாய் தன் கையில் இருந்த கத்தியைப் பார்த்தார். "யா அல்லா," என்றார்.

இயக்குநர் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அம்சம் என்று நினைத்துக் கைத்தட்டத் தொடங்கினார். இயக்குநர் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள்.

கைத்தட்டலுக்கு நடுவில் உதவியாளரின் பிடி நழுவிப் படம் தொட்டிக்குள் விழுந்தது. கிறிஸ்டினா பாய்ந்தாள். அதற்குள் புகைப்படக்காரர், "சார், நீங்க எடுக்குற மாதிரி ஒண்ணு" என்று கேட்டுவிட்டார். இயக்குநர் சூரியபிரகாஷ் தொட்டிக்குள் கையை விட்டு, கிழிந்த படத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து, சிரித்தார்.

அங்கேதான் விதி ஆறு குறுக்கே வந்தது. எறியப்பட்ட பொருளை முதலில் எடுப்பவரே கலைஞர். சுந்தரமூர்த்தி அதை எடுத்துப் படித்தார், இன்னொரு முறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"சார், எடுத்தது நீங்க."

"சும்மா போட்டோவுக்கு எடுத்தேன்யா."

"விதியில போட்டோவுக்கு விலக்கு இல்ல சார். பொருள எறிஞ்சது அந்தம்மா. வேண்டாம்னு மைக்லயே சொல்லிட்டாங்க. எடுத்தது வாரியம். அதுல வேலை செஞ்சதும் வாரியத்து ஆளு," என்று வக்கார் பாயின் கத்தியைக் காட்டினார். "எல்லா விதியும் பொருந்தி வர்ற முதல் படைப்பு இதுதான் சார்."

இயக்குநர் படத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். முன்பு எந்தப் படத்தையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"சார், அது தப்பு வெட்டு சார்," என்றார் வக்கார் பாய். "பழக்கத்துல வுழுந்தது. அந்தப் பொண்ணு படத்தக் குடுத்துருங்க."

"கலையில் தப்பு என்று ஒன்று கிடையாது, வக்கார் பாய்," என்றார் இயக்குநர். "அதெல்லாம் மீன்வளத்தில்தான்."

கண்காட்சி நடந்தது. மண்டபத்தின் நடுவில், தனி விளக்குப் போட்டு, கயிறு கட்டி, படத்தை மாட்டியிருந்தார்கள். கீழே பித்தளைத் தகட்டில் எழுதியிருந்தது:

படைப்பு: வாரியம்.
மூலப்பொருள்: கிறிஸ்டினா, ஆம்பூர்.

வேறு படங்கள் இல்லாததால் கூட்டம் முழுவதும் அதன் முன்னால்தான் நின்றது. வந்தவர்களுக்கு இயக்குநர் விளக்கம் சொன்னார். "பின்னால இருக்கிற பெண்கள், தோல் இதெல்லாம் சாதாரணம். யாரு வேணா பண்ணலாம். அந்த வெட்டைப் பாருங்க. அதுதான் பேசுது." முதல் பரிசை வாரியத்தின் சார்பில் அவர் வழங்கினார், வாரியத்தின் சார்பில் அவரே பெற்றுக்கொண்டார். வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கியது மரியாதையாக இல்லை என்று புகைப்படக்காரர் சொன்னதால் மறுபடி ஒருமுறை, இரண்டு கையாலும் வாங்கினார்.

ஜெயம்மாள் வரிசையில் நின்று உள்ளே வந்தாள். ஊரே பார்க்கிற மாதிரி மாட்டுகிறேன் என்று கிறிஸ்டினா கொடுத்த வாக்கு ஒரு வகையில் நிறைவேறித்தான் இருந்தது. ஜெயம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"எம் பொண்ணு மூஞ்சிய ஏன்டி கிழிச்சாங்க?" என்றாள். "லாரி செஞ்சது பத்தலையா?"

கிறிஸ்டினா கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி, பிளந்த கன்னத்தைச் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தாள். காவலாளி ஓடிவந்தார். "படைப்பத் தொடாதம்மா. இது வாரியத்தோடது."

அவள் அன்று குட்டி யானையின் பின்பக்கம், வெறும் கயிறுகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஆம்பூர் வரை அழுதுகொண்டே வந்தாள். முன்னால் உட்கார இடம் இருந்தது. ஜெயம்மாளின் பக்கத்தில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை.

கண்காட்சி முடிந்ததும் மண்டபத்தைப் புடவைத் தள்ளுபடி விற்பனைக்கு விட வேண்டியிருந்தது. வாரிய அலுவலகத்தில் இயக்குநருக்குப் புதிய சோபா வந்திருந்ததால் அங்கேயும் இடமில்லை. ஆகவே, முதல் பரிசு பெற்ற படைப்பு கட்டடத்தின் பின்பக்கம், ஊறிப்போன மேசை நாற்காலிகளுக்கு மேல் போடப்பட்டது. பித்தளைத் தகட்டை மட்டும் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

வக்கார் பாய் சம்பத்துக்குப் போன் செய்தார். "வண்டி எடுத்துக்கினு சீக்கிரம் வாப்பா. மேகம் கட்டுது."

அவர்கள் போனபோது சுந்தரமூர்த்தி கொல்லைப்புறத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது. கையில் கெட்டியான, நல்ல தாள். அதில் ஊதா மையில் பெரிய முத்திரை.

"வாங்கம்மா. உங்களுக்காகத்தான் நிக்கிறேன். எறிந்தவர் சான்று! வாரியம் இதுவரைக்கும் குடுத்த முதல் சான்று. பாருங்க, 'எறிந்தவர்: வாரியம்.' இயக்குநரே கையெழுத்துப் போட்டிருக்காரு. இனிமே உங்ககிட்ட எல்லாத் தகுதியும் இருக்குது. அடுத்த வருஷம் தைரியமா கொண்டு வாங்க."

"படத்த எடுத்துக்கலாமா சார்?"

"தாராளமா. நாங்கதான் எறிஞ்சிட்டோமே."

வக்கார் பாய் படத்தை ஏற்ற ஒரு கை பிடித்தார். வண்டி கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்துக் கிறிஸ்டினாவிடம் நீட்டினார். "இத நீ வச்சிக்கோ பேட்டி. குப்பையில போட்டா இவங்க விழா எடுப்பாங்க."

கிழிந்த தோலை வெறும் நூலால் தைத்தால் நிற்காது. பின்னால் ஏதாவது கெட்டியாக ஒட்டி, அதோடு சேர்த்துத் தைக்க வேண்டும். வீட்டில் அப்படிக் கெட்டியாக வேறொன்றும் இல்லை. கிறிஸ்டினா அந்தச் சான்றை வக்கார் பாயின் கத்தியால் கன்னத்தின் அளவுக்கு வெட்டினாள். பசை தடவி, முத்திரை பக்கம் வெளியே தெரிகிற மாதிரி கன்னத்துக்குப் பின்னால் வைத்து அழுத்தி, ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற மெழுகு நூலால் தைத்தாள். தையலை மறைக்க அவள் முயற்சி செய்யவில்லை. எவ்வளவு நெருக்கமாகத் தைத்தும் உதட்டோரத்தில் வெட்டு முழுதாகச் சேரவில்லை. அதன் வழியாக ஊதா மை கொஞ்சம் தெரிந்தது. வெற்றிலை போட்ட மாதிரி இருக்கிறது என்று சம்பத் சொன்னான். முத்துமாரி வெற்றிலை போடுவாள்தான், வேலை முடிந்து வேன் ஏறும்போது.

கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. அதன் பக்கச் சுவரில் படத்தை மாட்டினார்கள். மழை படாமல் மேலே ஒரு தகரம். விடியற்காலையில் வேனுக்கு வருகிற பெண்கள், வேனுக்குக் காத்திருக்கிற பெண்களைப் பார்த்தபடி நின்றார்கள். ஜெயம்மாள் வந்து பார்த்தாள். தையலை விரலால் நெடுகத் தடவினாள்.

"வலிச்சிருக்கும்," என்றாள். பிறகு, "ஆனா சிரிக்கிறா," என்றாள். அன்றிலிருந்து அவள் காலை டீயை அங்கேதான் குடிக்கிறாள்.

அடுத்த வருட அறிவிப்பு வந்த கையோடு சுந்தரமூர்த்தி ஆம்பூருக்கே வந்துவிட்டார். போன வருடப் படைப்புக்குச் சான்று கொடுத்தாகிவிட்டது. ஃபைலை முடிக்க அந்தச் சான்றின் அசல் அலுவலகத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்று இப்போது புது விதி. அவர் வந்தபோது வேன் இன்னும் வரவில்லை. பெண்கள் சாப்பாட்டுப் பைகளோடு நின்றிருந்தார்கள். கிறிஸ்டினா, தைத்து முடித்த மேல்பாகங்களைக் கொடுத்தனுப்பச் சாக்கோடு வந்திருந்தாள்.

"சான்று எங்கம்மா?"

"அவ கன்னத்துக்குப் பின்னால இருக்குது சார்."

சுந்தரமூர்த்தி அண்ணாந்து பார்த்தார். ஊதா மை தெரிந்தது. அது தன் முத்திரைதான் என்று அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"அசல் வேணுமேம்மா. பிரிச்சிக் குடுத்துருங்க. அப்புறம் ஒட்டிக்கலாம்."

"நான் பிரிக்க மாட்டேன் சார்," என்றாள் கிறிஸ்டினா. "வேணும்னா அவளக் கேட்டு நீங்களே வாங்கிக்குங்க."

அவர் படத்தின் அருகே போய்க் கையை உயர்த்தினார். முத்துமாரி தைத்த கன்னத்தோடு அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஜெயம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். நின்றிருந்த பெண்கள் எல்லாரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேன் வந்தது. யாரும் ஏறவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு, அவரும் இறங்கி வந்து நின்றார்.

சுந்தரமூர்த்தி உயர்த்திய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அந்தக் கையாலேயே கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு டீ சொன்னார்.